தவசிக்கு ஒரு ஷேவிங் செட்

எரியக் கூடாது, அது ஒன்றுதான் முக்கியம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டார் சோலைராசு. சொல்லி வாயை மூடிய பிறகுதான், யாருக்கு எரியப்போகிறது என்பது உறைத்தது. தவசி விடியக்காலம் நாலு மணிக்கே செத்துப்போயிருந்தான். இந்நேரம் வில்லாபுரத்தில் அவன் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டிக்குள், பத்து நாள் நரைத்தாடியோடு மல்லாந்து கிடப்பான். அவனுக்குத்தான் எரியக் கூடாது. இருந்தாலும் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற பழக்கம் சோலைராசுவுக்கு என்றைக்குமே கிடையாது. "எரியாத சோப்பு, இழுக்காத ரேசர், குத்தாத பிரஷ்" என்று இன்னும் ரெண்டைச் சேர்த்துச் சொல்லி, கடையின் கண்ணாடிப் பெட்டி மேல் விரலால் தட்டினார். விளக்குத்தூண் பின்சந்தில் சலூன்காரர்கள் சாமான் எடுக்கிற கடை அது. சீப்பும் கத்திரியும் கழுத்தில் கட்டுகிற துணியும் கூரை வரைக்கும் தொங்கின. கடைக்காரர் கமருதீன் பாய் சோலைராசுவின் காட்டுத்தாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்களுக்காண்ணே? அப்ப முதல்ல கத்திரி போட்டுல்ல எறக்கணும்" என்று சிரித்தார். "எனக்கில்ல. என் கூட்டாளிக்கு." கூட்டாளி என்ற சொல் ஆறு வருசத்துக்கு அப்புறம் வாயிலிருந்து வந்தது; வந்த வேகத்தில் அவருக்கே கொஞ்சம் இருமல் வந்தது. எட்டு மணிக்குப் போனில் தவசி மனைவி சிட்டம்மாவும் அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். 'அண்ணே, உங்க கூட்டாளி போயிட்டாரு. மூஞ்சி அவரு மூஞ்சியாவே இல்லண்ணே. தாடியும் கன்னமும் ஒட்டி, கோயில் வாசல்ல கெடக்குற ஆளு மாதிரி கெடக்காரு. சலூன்ல பன்னெண்டு மணிக்குத்தான் ஆளு வருமாம். அவருக்கு வேத்தாளு கை பட்டாலே எரியும்னு சொல்லுவாருல்ல. நீங்க வந்து வழிச்சு விடுறீங்களா? அவரு செட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எடத்துல தொலஞ்சிருச்சு.' அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் இவர் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பார். 'நான் வாங்கிட்டு வர்றேம்மா' என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டு வாசல்படியை மிதித்து ஆறு வருசம். வெறுங்கையோடு எப்படிப் போவது? மாலையை வாங்கிக்கொண்டு போனால் மாலையைப் போட்டுவிட்டு ஓரமாய் நிற்க வேண்டும், நிற்கிறவனை எல்லாரும் பார்ப்பார்கள். ரேசரும் சோப்பும் கையில் இருந்தால் ஒரு வேலை இருக்கிறது என்று அர்த்தம். வேலை செய்கிறவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். குனிந்துகொண்டு, அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு அரைமணி நேரம். அதுக்குத்தான் இந்தக் கடை. பத்து நிமிசத்தில் முடிய வேண்டிய காரியம். ஒன்பது மணிக்குக் கடை திறந்த உடனே வந்துவிட்டார். சுவர்க்கடிகாரம் பத்தைத் தாண்டிவிட்டது.

பிரஷ்ஷில்தான் முதலில் மாட்டிக்கொண்டார். பாய் மூணு எடுத்துப் போட்டார். ஒன்று நைலான். ஒன்று ஏதோ நார், வெள்ளையும் கறுப்புமாய். மூணாவது, மரப்பிடி போட்டது, "குதிரை முடிண்ணே" என்றார் பாய். "எந்தக் குதிரைய்யா நின்னு குடுத்துச்சு?" "அட, வால் முடிண்ணே. பன்னி முடியிலயும் வரும், அது நல்லாத்தான் இருக்கும்னு சலூன்காரங்க சொல்லுவாங்க. அத நான் கையால தொடுறதில்ல, கடையில வைக்கிறதுமில்ல." பாய் குதிரை முடியைத் தண்ணீரில் நனைத்து, சோப்பில் ரெண்டு சுற்று சுற்றி, தன் உள்ளங்கையிலேயே நுரை கட்டிக் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாய்ப் பொங்கி, பாலேடு மாதிரி கனத்து நின்றது நுரை. அந்தச் சத்தம். நுரை கட்டுகிறபோது வருமே, சலக் சலக் என்று, நாய்க்குட்டி தண்ணி குடிக்கிற மாதிரி. எத்தனை ஊர் லாட்ஜில் அந்தச் சத்தத்துக்குக் கண் விழித்திருக்கிறார். ராசபாளையம், தேனி, பொள்ளாச்சி, எங்கே ரைஸ் மில்லோ ஜின்னிங் ஃபேக்டரியோ மூடிப்போச்சு என்று தெரிந்தாலும் அங்கே போய் இறங்கி, பழைய மோட்டாரையும் கடைசல் மெசினையும் விலை பேசி லாரியில் ஏற்றுகிற தொழில் ரெண்டு பேருக்கும். அஞ்சரை மணிக்கே தவசி எழுந்து, ஜன்னல் கம்பியில் கைக்கண்ணாடியை நூலால் கட்டித் தொங்கவிட்டு, மக்கில் வெந்நீர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பேரத்துக்குப் போகிற நாளில் இன்னும் பதவிசாய், ரெண்டு தடவை சோப்புப் போட்டு, மேலிருந்து கீழே ஒன்று, கீழிருந்து மேலே ஒன்று. மீசையும் வைத்துக்கொள்ள மாட்டான். 'நீ எதுக்குடா பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி மினுக்கிட்டு வர்ற?' என்று பாயில் படுத்தபடியே கேட்பார். 'உன் மூஞ்சியப் பாத்து பயப்படுறவன் அப்புறம் ஏறெடுத்துப் பாக்க ஒரு நல்ல மூஞ்சி வேணாமாடா?' என்பான். அதுதான் அவர்கள் தொழில் செய்த விதம். இவர் கத்த வேண்டும். கத்துவதற்கு இவர் தனியாய்ப் பாடம் படித்ததில்லை. மூணாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி செட்டில் மூட்டை தூக்கி, கணக்குப்பிள்ளையிடம் அறை வாங்கி அறை வாங்கி, எவன் முதலில் குரலை உயர்த்துகிறானோ அவனுக்குத்தான் வழி விடுவார்கள் என்று தெரிந்துகொண்டவர். 'இரும்புக்கடையில போட்டாக்கூட இந்த விலை போகாதுய்யா, நீயே வச்சுப் பூசை பண்ணு' என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து வெளியே நடப்பார். தவசி உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டான். மழமழவென்று முகத்தைத் தடவிக்கொண்டு, 'அவன் கெடக்கான் முதலாளி, முன்கோபி. வீட்லயும் இப்படித்தான். நீங்க காப்பி சாப்பிடுங்க' என்பான். எந்த ஊராயிருந்தாலும் தெருமுனையில் ஒரு டீக்கடை இருக்கும். அதில் நின்று இவர் டீ சொன்னால் பேரம் இன்னும் உயிரோடு இருக்கிறது, விலை கொஞ்சம் இறங்கினதும் கூப்பிடு என்று அர்த்தம். டீக்கடையைத் தாண்டிப் போய்விட்டால் நிஜமாகவே வேண்டாம் என்று அர்த்தம், கூப்பிடவே கூடாது. ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டது. இருபத்தெட்டு வருசத்தில் இவர் டீக்கடையைத் தாண்டினது நாலோ அஞ்சோ தடவை. எல்லாம் மோட்டாருக்குள் சுற்றின செப்புக்கம்பி எரிந்துபோன கேசு.

"அண்ணே, பிரஷ் இதுன்னா ரேசர் என்ன மாதிரி பாக்கலாம்?" பாய் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அஞ்சு பிளேடு சேர்ந்த புதுமாதிரி ஒன்று, ரப்பர் பிடியோடு. ஒருநாள் போட்டுத் தூக்கி எறிகிற மஞ்சள் ஒன்று. அப்புறம் அந்தப் பழைய மாதிரி, தலையைத் திருகினால் ரெண்டு கதவாய்த் திறந்து நடுவில் பிளேடு வைக்கிறது, முழுக்கப் பித்தளை, மேலே முலாம். சோலைராசு அதைக் கையில் எடுத்தார். கனம் சரியாக இருந்தது. தவசியுடையது இதே கனம்தான் இருக்கும். அழுத்தக் கூடாது, அதோட வெயிட்டுலயே எறங்கணும் என்பான். எப்படித் தெரியும் என்றால், ஒருமுறை அவன் இவருக்கே வழித்துவிட்டிருக்கிறான். உடுமலையில் ஒரு கடைசல் மெசினை உருட்டும்போது வலதுகை மணிக்கட்டு நசுங்கி, மாவுக்கட்டுப் போட்டு ஒன்றரை மாதம். அப்போது இவருக்குத் தாடி கிடையாது, மீசை மட்டும்தான். சலூனுக்குப் போகிறேன் என்றதற்கு, 'உக்காருடா பேசாம' என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையின் முகத்தை அப்படித் தொடுவது அவருக்குப் புதுசு. அப்பா கைகூட அறைகிறதற்குத் தவிர முகத்துக்கு வந்ததில்லை. வெந்நீரில் முக்கிய துண்டைப் பிழிந்து முகத்தில் பொத்தி, அதன் ஈரச்சூட்டில் மூச்சு விடச் சொன்னான். அப்புறம் நுரை. அப்புறம் ரெண்டு விரலால் காதுக்கிட்டே தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ரேசரை வைத்தது தெரியாமல் வைத்து, 'கன்னத்த ஊது. இன்னும் ஊது. அட, பேரம் பேசும்போது இவ்வளவு காத்து வருது, இப்ப வரமாட்டேங்குது' என்றான். இவர் சிரித்துவிட, 'சிரிக்காதடா, அறுத்துருவேன்' என்றான். அறுக்கவில்லை. அந்த ஒன்றரை மாதத்தில் ஒரு கீறல் கிடையாது. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தாரே, இன்னொருத்தன் கையில் பிளேடு இருக்கும்போது கழுத்தைக் கொடுத்தாரே, வேறே யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார். சரி, இப்போது இவர் வழிக்க வேண்டும். செத்தவன் எப்படிக் கன்னத்தை ஊதுவான்? அது அவருக்கு இவ்வளவு நேரமும் தோன்றவே இல்லை. கன்னம் உள்ளே ஒட்டிப் போயிருக்கும், சிட்டம்மா சொன்னாளே. ஒட்டிய கன்னத்தில் ரேசர் எப்படிப் படும்? வாய்க்குள் விரலை விட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டுமோ? வாயைக் கட்டியிருப்பார்களே. நாடியோடு சேர்த்துத் தலையைச் சுற்றி வெள்ளைத்துணிக் கட்டு இருக்கும், அதை அவிழ்க்கலாமா, அவிழ்த்தால் வாய் திறந்துகொள்ளுமா, திறந்துகொண்டால் எல்லாரும் பார்க்கிற மாதிரி... இவர் பித்தளை ரேசரைக் கீழே வைத்துவிட்டு மஞ்சளை எடுத்தார். அதையும் வைத்தார். "பாய், ஒட்டிப்போன கன்னத்துக்கு எது நல்லாருக்கும்?" "வயசானவங்களாண்ணே?" "அறுவத்தொண்ணு." "சுகர் இருக்கா?" "இருந்துச்சு" என்றார். பாய் நிமிர்ந்து பார்க்க, "இருக்கு" என்று மாற்றினார். "அப்ப அஞ்சு பிளேடு வேணாம்ணே, வெட்டுனா ஆறாது. இந்தப் பித்தளையே எடுங்க. புது பிளேடப் போட்டு முதல்ல உங்க கையில ஒரு தடவ மெதுவா ஓட்டிட்டு அப்புறம் அவருக்கு ஓட்டுங்க. மொத வேகம் அடங்கிரும்." மொத வேகம் அடங்கணும். அடங்கியிருந்தால் இப்படி இங்கே நின்றிருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டு, பிளேடு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சோப்பு வரிசையாய் வந்தது. வட்ட டப்பாவில் கெட்டி சோப்பு, ட்யூபில் பசை, அமுக்கினால் பொங்குகிற டின். சந்தன வாசனை, எலுமிச்சை வாசனை, பச்சை நிறத்தில் ஒன்று. "இது போட்டா முகம் ஜில்லுனு இருக்கும்ணே." "ஜில்லுன்னு வேணாம்!" கத்திவிட்டார். பக்கத்தில் சீப்பு பார்த்துக்கொண்டிருந்த ஆள் திரும்பினார். ஜில்லென்றுதான் கிடக்கிறான் விடிந்ததிலிருந்து. கண்ணாடி மூடியில் வியர்த்த மாதிரி நீர் கோர்த்திருக்கும். மூடியைத் திறந்தால் முகத்தில் குளிர் அடிக்கும். முதலில் வெந்நீர்த் துண்டு போட வேண்டும். சூடு பட்டால் அவன் முகம் கொஞ்சம் இளகும், நிறம் வரும். வருமா? சந்தனத்தை முகர்ந்தார். வேண்டாம், சாவு வீட்டில் ஏற்கனவே ஊதுவத்தி. எலுமிச்சையை முகர்ந்தார். அதில் தவசி இருந்தான். அவர்கள் குடோன் கதவைத் திறந்ததும் இரும்புத்தூளும் கிரீசும் கலந்த நாற்றத்துக்கு நடுவில் இந்த வாசனை ஒரு கோடு மாதிரி வந்தால், அவன் முன்னாடியே வந்துவிட்டான் என்று தெரியும். சேர்ந்திருந்த கடைசி நாளும் அப்படித்தான் தெரிந்தது. கொடைரோட்டுப் பக்கம் ஒரு மில், முதலாளி செத்துப்போய் அவர் சம்சாரம் தனியாய் நின்று விற்றது. தவசி தனியாகப் போய், அந்த அம்மா கேட்டதைக் கேட்டபடி கொடுத்து முடித்துவிட்டு வந்திருந்தான். இவரைக் கூப்பிடவே இல்லை. கத்துகிறதற்கு ஆள் தேவைப்படாத ஒரு பேரம். இப்போது யோசித்தால் அதில்தான் இவருக்கு எரிந்திருக்கிறது, விலையில் இல்லை. 'ஏண்டா என்னைக் கூப்பிடல?' 'அந்தம்மா முன்னால நீ கத்த வேணாம்னு பாத்தேன்.' அவ்வளவுதான் அவன் சொன்னது, தாழ்ந்த குரலில். லோடுமேன் ஆறேழு பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் இவர் சொன்னார், 'மீசை வைக்கத் துப்பில்லாத பயலுக்கு என்னடா யாவாரம்? பொம்பளையக் கண்டதும் பொம்பளையாட்டம் கொழையுற. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருபத்தெட்டு வருசமா என் தொண்டையில சோறு தின்னவன்தானடா நீ.' இதைவிட மோசமாய் எத்தனையோ பேரை எத்தனையோ பேசியிருக்கிறார். எதுவும் ஞாபகம் இல்லை. இது மட்டும் ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. தவசி கையைத் தூக்கித் தன் மேலுதட்டைத் தடவினான், ஏதோ அங்கே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அந்தக் கை. இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். மறுவாரத்திலிருந்து தாடியை எடுக்கவில்லை. யாராவது கேட்டால் பழனிக்கு வேண்டுதல் என்று சொன்னார். வேண்டுதலும் இல்லை ஒன்றுமில்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து நுரை கட்டுகிறபோது அந்தச் சத்தம் வருகிறது, அதைக் கேட்க முடியவில்லை, அதுதான்.

"எலுமிச்சையே போடுங்க" என்றார். பாய் எல்லாவற்றையும் ஒரு பக்கமாய்ச் சேர்த்து விலை சொன்னார். அதற்குள் இவருடைய வாய், இவரைக் கேட்காமலே, பாதி விலையைச் சொன்னது. "அண்ணே, என்னண்ணே, பித்தளைண்ணே." "பித்தளையாவது! நான் பித்தளையிலயே பொறந்து வளந்தவன்யா. முலாம் பூசுன தகரத்தக் கைல குடுத்துட்டு, வால் முடிங்கிற, தலை முடிங்கிற." "சலூன்காரங்களுக்குக் குடுக்குற விலைதாண்ணே சொன்னேன், அல்லா மேல." "ஆண்டவன எதுக்குய்யா பிரஷ்ஷுக்கெல்லாம் இழுக்குற?" சீப்புக்காரர் சிரித்தார். சிரிப்பைக் கேட்டதும் இவருக்குச் சூடு ஏறியது. பழகின சூடு, ஒரு மணி நேரமாய் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்த எதையோ தள்ளிவிட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த சூடு. சொல்லப்போனால் சுகமாகக்கூட இருந்தது. "வேணாம், நீயே வச்சு வழிச்சுக்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பத்தடியில் கரும்புச்சாறு வண்டி. கால் தானாய் அங்கே நின்றது. வண்டிக்காரர், "சாறாண்ணே?" என்று கரும்பை எடுத்தார். இவர் தலையாட்டினார். நின்றால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இப்போது உள்ளேயிருந்து கூப்பிட வேண்டும். கொஞ்சம் இறங்கினதும், 'டேய் சோலை, வாடா, முதலாளி நமக்காக மனசு வைக்கிறாரு' என்று. சக்கரம் சுற்றிக் கரும்பு நசுங்கியது. யார் கூப்பிடுவது? உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? உள்ளே யாரும் இல்லை. வண்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருசமாய் எல்லாரிடமும் ஒரே பாட்டுத்தான் பாடியிருந்தார், அவன் என்னைக் கூப்பிடவே இல்லை, ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன் என்று. மனைவியிடம், மச்சானிடம், டீக்கடையில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம்கூட. அன்றைக்குக் குடோனிலிருந்து இறங்கி எங்கே போனார்? தெருமுனையில் டீக்கடை இருந்தது. திறந்துதான் இருந்தது. அய்யாவு மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே 'என்ன மாமா, போடவா?' என்றுகூடக் கேட்டார். இவர் நிற்கவில்லை. கோபத்தில் கண் தெரியாமல் தாண்டி, வளைவில் திரும்பி, பஸ் ஸ்டாப் திண்டில் போய் உட்கார்ந்து, அங்கே இருந்துகொண்டு வருவான் வருவான் என்று ரெண்டு மணி நேரம் பார்த்தார். அந்த இடம் குடோன் வாசலிலிருந்து தெரியாது. தவசி வாசலில் வந்து நின்று பார்த்திருப்பான். நிச்சயம் பார்த்திருப்பான். டீக்கடை காலியாய் இருந்திருக்கும். தாண்டிவிட்டான், நிஜமாகவே வேண்டாம் என்கிறான், கூப்பிடக் கூடாது என்று நினைத்திருப்பான். அவன் பேச்சு மாறாதவன். பேசி வைத்ததை மீறாமல் அவன் அங்கே உட்கார்ந்துவிட்டான், இவர் இங்கே உட்கார்ந்துவிட்டார். தெரியாமலா இருந்தது? தெரியும். அன்றைக்கு பஸ் ஏறி, பஸ் டீக்கடையைக் கடந்தபோதே தெரியும். இறங்கியிருக்கலாம். டிக்கெட் எடுத்தாயிற்று என்று உட்கார்ந்திருந்தார். அப்புறம் மூணு வருசம் முன்னால், சித்திரைத் திருவிழா கூட்டத்தில் நிற்கும்போது போனில் அவன் பேர் வந்தது. ரெண்டே ரிங். எடுப்பதற்குள் நின்றுவிட்டது. ரெண்டு ரிங் எல்லாம் ஒரு கூப்பிடலா, முழுசாய் அடிக்கட்டும், அப்போது எடுப்போம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதிராளி முதலில் குறைத்துச் சொன்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது, தானாய் ஏறி வருவான்; எத்தனை பேரிடம் பலித்தது இது! பத்து நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கேட் வரைக்கும் போனார். வாட்ச்மேன் 'யாரப் பாக்கணும்?' என்றான். யாரை என்று சொல்வது, எந்த முறையில் சொல்வது என்று தெரியாமல் அவனோடு ஒரு சண்டையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அப்போது தவசி முகத்தில் ஒரு நாள் தாடிதான் இருந்திருக்கும். அப்போது வழித்திருந்தால் கன்னத்தை ஊதியிருப்பான்.

"அண்ணே!" கமருதீன் பாய் கடைவாசலில் நின்று கையை ஆட்டினார். "வாங்கண்ணே, அதுக்குள்ள கோவிச்சுக்கிட்டுப் போனா எப்படி? நீங்க சொன்னதுக்கே எடுத்துக்கங்க. உங்க கூட்டாளிக்குத்தான?" அவ்வளவுதான். இவர் பேர்கூடத் தெரியாத மனுசன், வாசல் வரைக்கும் வந்து நின்று, கையைத் தூக்கி ஆட்டிக் கூப்பிட்டுவிட்டான். இவ்வளவு சின்ன காரியமா இது? சாறு கிளாஸைக் குடிக்காமலே திருப்பி வைத்துவிட்டு நடந்தார். கண்ணில் வெயில் பட்டுக் கூசியது, துண்டால் துடைத்துக்கொண்டார், தாடிக்குள்ளும் ஈரமாய் இருந்தது. வழிக்க வேண்டும். நாடிக்கட்டை சிட்டம்மாவை விட்டே அவிழ்க்கச் சொல்ல வேண்டும். கன்னத்துக்கு ரெண்டு விரலால் காதுக்கிட்டே தோலை மேலே இழுத்துப் பிடித்தால் போதும், ஊத வேண்டியதில்லை. அவன் அப்படித்தானே பிடித்தான். கை நடுங்கினால் முழங்கையைப் பெட்டி விளிம்பில் ஊன்றிக்கொள்ளலாம். மேலுதட்டில்தான் பார்த்து வழிக்க வேண்டும். ஒரு முடி விடாமல், மழமழவென்று, தொட்டால் வழுக்குகிற மாதிரி. வழித்து முடித்து ஈரத்துணியால் துடைக்கும்போது குனிந்தால், காது பக்கத்தில்தான் இருக்கும். அப்போது சொல்லிவிடலாம். யாருக்கும் கேட்காது. நான்தாண்டா தாண்டிட்டேன் என்று மட்டும். படியேறும்போது மனதுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தார். பாய் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, "வெந்நீர் மட்டும் நல்லா வச்சுக்கங்கண்ணே, பாதி வேலை வெந்நீர்லதான்" என்றார். "வச்சுக்கிறேன் பாய்" என்றார் சோலைராசு, தனக்கே பழக்கமில்லாத ஒரு சாந்தமான குரலில். பாய் முதலில் சொன்ன விலையையே எண்ணிக் கொடுத்தார். பாய் மீதியைத் திருப்பி நீட்டியபோது போன் அடித்தது.

சிட்டம்மா. ரெண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார். பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது, யாரோ ஒரு பெண் ராகம் போட்டு அழுவது கேட்டது. "அண்ணே, எங்க இருக்கீங்க?" "விளக்குத்தூண்ட்ட. வாங்கிட்டேம்மா. ஆட்டோ புடிச்சா கால்மணி நேரந்தான். வெந்நீர் மட்டும் போட்டு வையி." "இல்லண்ணே. சொந்தத்துல பெரியவரு ஒருத்தரு வந்து நேரமாகுது நேரமாகுதுன்னு சத்தம் போட்டாரு. நீங்க வருவீங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். பக்கத்துத் தெருவுலருந்து ஒரு ஆளக் கூட்டியாந்து வழிச்சு முடிச்சிட்டாங்க. இப்பத்தான், ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும்." அஞ்சு நிமிசம். அஞ்சு நிமிசத்துக்கு முன்னால் இவர் கரும்புச்சாறு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "சோப்புப் போட்டாங்களா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "தண்ணியத் தொட்டுத்தாண்ணே வழிச்சாரு. அவசர அவசரமா. மேலுதட்டுக்கிட்ட ஒரு எடத்துல வெட்டிருச்சு." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "இம்புட்டுப் பெரிய வெட்டுண்ணே. ரத்தமே வரல. நான் துணிய வச்சுக்கிட்டு நிக்கிறேன், நிக்கிறேன், வரவே இல்லண்ணே." சோலைராசு துணிப்பையைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். உள்ளே பித்தளை ஒருமுறை கிணுங்கென்றது. "அண்ணே, கேக்குதா? நீங்க வாங்க. ஒண்ணும் கொண்டாற வேணாம், சும்மா வாங்க." "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். பாய் மீதியை நீட்டியபடி நின்றார். பையைக் காட்டி, "அண்ணே, சாமான்?" என்றார்.

"பாய், படிகாரம் இருக்கா?"

"இருக்குண்ணே. யாருக்கு, வெட்டிக்கிட்டாங்களா?" பாய் மீதியைப் பெட்டி மேல் வைத்துவிட்டு அவசரமாய் மேல்தட்டில் துழாவி, கண்ணாடிக்கல் மாதிரி வெள்ளையாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "ரத்தம் ரொம்ப வருதா?"

"வரல" என்றார் சோலைராசு. கல்லை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். "வந்தா நல்லாருக்கும்."